எழுதுற வேகத்துக்கு

பயம் வந்தால் ஐஸ்காரருக்கு முதலில் மரத்துப்போவது விரல்கள்தான். இருபத்தெட்டு வருஷமாக ஐஸ் ஃபேக்டரியில் ஐஸ்கட்டி இழுத்த கை. குளிருக்கு மரத்ததா, பயத்துக்கு மரத்ததா என்று அந்தக் கைக்கே வித்தியாசம் தெரியாது.

அந்தத் திங்கட்கிழமை காலையில் அப்படித்தான் ஆனது. உப்புத்தண்ணித் தொட்டியிலிருந்து ஐஸ் உறைந்த டின்னைத் தூக்கி வெந்நீர்த் தொட்டியில் ஒரு முக்கு முக்கினார்கள். கட்டி டின்னிலிருந்து கழன்று பலகைச் சரிவில் வழுக்கிக்கொண்டு வந்தது. கொக்கியைப் போட்டுத் திருப்ப வேண்டியவர் கொக்கியைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். கட்டி அவர் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளிப் போய், சுவரில் மோதி இரண்டாகப் பிளந்தது.

"யோவ்! கண்ண தொறந்துக்கிட்டே தூங்குறியா?" மேலே கண்ணாடி அறைக்குள்ளிருந்து சூப்பர்வைசர் தலையை நீட்டினார்.

"ஒண்ணுமில்ல சார்."

"ஒண்ணுமில்லாமத்தான் கட்டி உடைஞ்சுதா? கால் போயிருந்தா ஒண்ணு இல்லாமத்தான் போயிருக்கும்."

கீழே நின்ற நாலு பேர் சிரித்தார்கள். ஐஸ்காரரும் சிரித்து வைத்தார். சூப்பர்வைசர் வார நாளில்தான் சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமையானால் அவர் சபை மூப்பர். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கோயிலில் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். வாரத்தில் ஏழு நாளும் அந்த ஒரே முகத்துக்குக் கீழேதான் ஐஸ்காரரின் பிழைப்பு.

கொக்கி போட மறந்ததற்குக் காரணம் முந்தின நாள் மத்தியானம் வீட்டில் நடந்த பேச்சு.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிவில் போதகரம்மா ஓர் அறிவிப்புச் செய்திருந்தார். அந்தம்மா வந்து ஒன்றரை வருஷம்தான் ஆகிறது. வந்ததிலிருந்து ஏதாவது ஒன்றைக் கிளறிக்கொண்டே இருப்பார். இந்தத் தடவை கிளறியது பெரிது. "நாம இங்க நின்னு பேசிக்கிட்டே இருக்கோம். ஒரு வாரம் பேசாம கேப்போம்," என்றார். இரண்டிரண்டு பேராகச் சபையின் எல்லா வீட்டுக்கும் போக வேண்டும். ஒரே ஒரு கேள்வி. ஆணை நேசிக்கிற ஆண், பெண்ணை நேசிக்கிற பெண், பிறந்த உடம்பு ஒன்றும் மனசு ஒன்றுமாக இருக்கிறவர் என்று இப்படி ஒருத்தர் உங்கள் வீட்டில் இருந்தால், நம் கோயிலில் அவர் எங்கே உட்கார வேண்டும்? வாக்குவாதம் கூடாது. புத்திமதி கூடாது. சொல்வதைச் சொன்னபடி எழுதிக்கொண்டு, வாசித்துக் காட்டி, சரியென்றால் எழுந்து வந்துவிட வேண்டும். பேர் எழுதக் கூடாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லாப் பதிலையும் வாசிப்பார்கள். அதற்குப் பிறகு யாருக்கு என்ன சொல்ல வேண்டுமோ எழுந்து சொல்லலாம்.

மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்த மகள், துண்டால் விரலைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "அன்னைக்கு நான் எழுந்து சொல்லப் போறேன்."

அவளுக்கு முப்பது வயது. கண்ணாடிக் கடையில் லென்சு தேய்த்துச் சட்டத்தில் மாட்டுகிற வேலை. அவளோடு ஆறு வருஷமாக வந்து போகிற பஸ் கண்டக்டர் பெண் வெறும் சிநேகிதி இல்லை என்பதைப் போன வருஷமே அப்பா அம்மா இருவரையும் உட்காரவைத்துச் சொல்லியிருந்தாள். அடுத்த வாரம் கண்டக்டர் வந்தபோது ஐஸ்காரர் மனைவி வழக்கம்போலத் தட்டு வைத்தாள். அவ்வளவுதான். அதற்குமேல் அந்த வீட்டில் அந்தப் பேச்சு எழவில்லை.

"என்னத்தச் சொல்லப் போற?" என்றாள் அம்மா.

"என்னையத்தான்."

"யாரு கேட்டா உன்னைய? இத்தன நாள் யாருக்கும் தெரியாம நல்லாத்தான இருக்கோம்? வாய மூடிக்கிட்டு இருந்தா யாரு உன்னை வந்து பிடுங்கறா?"

"வாய மூடிக்கிட்டா எப்படிம்மா பாடறது?"

மகள் கோயில் பாட்டுக்குழுவில் இருக்கிறாள். அம்மாவுக்கு ஹோட்டல் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிற வேலை. கோபம் வந்தால் எதிரில் இருக்கிற துணியை உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து நீவுவாள். அன்றைக்குச் சாப்பாட்டு மேஜை விரிப்பை நீவிக்கொண்டே இருந்தாள். ஐஸ்காரர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்தும் இருந்தன. ஒன்றுகூட அவருடையதாகத் தெரியவில்லை.

ஐஸ் அறைக்குள் நுழைகிறவன் முதலில் ஒரு காலைத் தரையில் வைத்து வழுக்குகிறதா என்று பார்ப்பான். பிறகுதான் அடுத்த காலை எடுத்து வைப்பான். மகள் இறங்கப் போகிற தரையில் முதலில் தன் காலை வைத்துப் பார்த்துவிடுவது என்று ஐஸ்காரர் முடிவு செய்தார். திங்கட்கிழமை வேலை முடிந்ததும் ஈரச்சட்டையோடு நேராகப் போதகரம்மாவிடம் போனார்.

"அம்மா, வீட்டுக்கு வீடு போறதுக்கு நானும் வரேன்."

போதகரம்மா நிமிர்ந்து பார்த்தார். சபையில் இத்தனை வருஷமாகப் பெஞ்சு நகர்த்தக்கூட முன்னால் வராத மனுஷன். "நீங்களாண்ணே? எழுதணுமே."

"எழுதுவேம்மா. நாப்பத்தாறு வயசுல கத்துக்கிட்டேன், இதே கோயில் சாயங்கால வகுப்புல. கொஞ்சம் மெதுவா எழுதுவேன்."

யார் யாரோடு போவது என்று சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். ஐஸ்காரருக்கு வந்த சீட்டு தையல்காரம்மா. தையல்காரம்மா காதில் ஒன்று விழுந்தால் போதும், பட்டன் தைத்து முடிப்பதற்குள் ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிடும். அவர்களுக்கு விழுந்தது கோயிலுக்குப் பின்னாலிருக்கிற சந்து. மொத்தம் பதினாலு வீடு. மூப்பர் வீடும் அதில்தான். ஐஸ்காரர் வீடும் அதில்தான்.

"நீங்களே எழுதுங்கண்ணே," என்றாள் தையல்காரம்மா. "என் கண்ணாடி ஒடிஞ்சு உங்க பொண்ணு கடையில கிடக்கு. சனிக்கிழமைதான் தருவாளாம். கண்ணாடி இல்லாம நான் எழுதுனா அது எழுத்தா இருக்காது, எம்ப்ராய்டரியா இருக்கும்."

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தூறிக்கொண்டிருந்தது. முதல் வீடு லாரி டிரைவருடையது. நாற்காலியில் கிடந்த துணிகளை அள்ளிப்போட்டு உட்காரச் சொன்னார். தையல்காரம்மா கேள்வியைக் கேட்டு முடித்தாளோ இல்லையோ, தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

"என் வீட்டுலயா? அடிச்சுத் தொரத்துவேன். கையக் கால ஒடிச்சு ரோட்டுல போடுவேன். கோயில்ல உக்கார இடமாம் இடம்!"

ஐஸ்காரர் பேனாவைப் பிடித்தார்.

"கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க. நான் எழுதுற வேகத்துக்கு."

"என்ன?"

"சொன்னத சொன்னபடி எழுதணுமாம். நான் ஒவ்வொரு எழுத்தாத்தான் எழுதுவேன். முதல்ல என்ன சொன்னீங்க? 'அடிச்சு'ங்களா?"

"ஆமா. அடிச்சு."

ஐஸ்காரர் குனிந்து எழுதினார். வெடித்த விரல்நுனியில் பேனா நழுவிக்கொண்டே இருந்தது. சுவர்க்கடிகாரம் ஓடுகிற சத்தம் கேட்டது. டிரைவரின் மனைவி கதவோரம் நின்றிருந்தாள். சின்னப் பெண்ணொன்று கட்டிலில் படுத்தபடி இதையெல்லாம் வேடிக்கை பார்த்தது.

"எழுதிட்டேன். 'அடிச்சு'. அப்புறம்?"

"தொரத்துவேன்."

"தொ... ரத்... துவேன். சரி. அப்புறம் கையை என்னமோ சொன்னீங்க."

டிரைவர் வாயைத் திறந்தார். தலையைச் சொறிந்தார். கட்டிலைப் பார்த்தார். "அது... ஒரு பேச்சுக்குச் சொல்றதுதானங்க. அதெல்லாமா எழுதுவாங்க?"

"சொன்னா எழுதணுமாம்."

"இருங்க, இருங்க. அந்த 'அடிச்சு' இருக்குல்ல, அத எடுத்துருங்க. என் புள்ளைய நான் எதுக்கு அடிக்கப்போறேன்?"

ஐஸ்காரர் அந்தச் சொல்லின்மேல் ஒரு கோடு இழுத்தார். அதுவும் மெதுவாகத்தான்.

"அப்ப 'தொரத்துவேன்' இருக்கட்டுங்களா?"

"நீங்க என்னய்யா உசுர வாங்குறீங்க!" என்று டிரைவர் எழுந்து ஜன்னல்பக்கம் போனார். மழையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "எழுதுங்க. எனக்குப் பிடிக்காது. ஆனா எங்க உக்காரணும்னு இப்ப சொல்லத் தெரியல. அவ்வளவுதான். எழுதியாச்சா? வாசிங்க."

ஐஸ்காரர் விரலை வைத்து ஒவ்வொரு வார்த்தையாக வாசித்துக் காட்டினார். டிரைவர் தலையாட்டினார். அவர் மனைவி மூக்கைச் சிந்திக்கொண்டு உள்ளே போனாள்.

சந்துக்கு வந்ததும் தையல்காரம்மா அடக்க முடியாமல் சிரித்தாள். "அண்ணே, நீங்க என்ன ஆளுண்ணே! அந்த மனுஷன அவன் வாயாலயே அவிழ்த்துத் திரும்பத் தைக்க வெச்சுட்டீங்களே."

"நான் ஒண்ணும் பண்ணலியே. எனக்கு வேகமா எழுத வராது, அவ்வளவுதான்."

அது உண்மைதான். ஆனால் சிரிக்க முடியவில்லை. 'அடிச்சுத் தொரத்துவேன்' என்று முதலில் வந்ததே, அதுதான் அவர் காதில் இருந்தது. கோடு போட்டு அடித்தாலும் அடியில் எழுத்து தெரிகிறதே. அந்த வீட்டு வாசலைத் தாண்டித்தான் மகள் தினமும் வேலைக்குப் போகிறாள்.

புதன், வியாழன் இரண்டு நாளிலும் பதினோரு வீடு முடிந்தது. எல்லா வீட்டிலும் அப்படியே நடந்ததென்று சொல்ல முடியாது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வேதாகமத்தை எடுத்துவைத்துக்கொண்டு மூன்று அதிகாரம் எழுதச் சொன்னார். ஐஸ்காரர் அரைப்பக்கம் எழுதுவதற்குள் அவருக்குக் கொட்டாவி வந்துவிட்டது. "ஜெபிக்கணும்னு மட்டும் போட்டுக்கோ. அது சின்ன வார்த்தை," என்றார். கிழட்டு வாட்ச்மேன் ஒருவர், "எங்க உக்காரணும்னா? ஃபேனுக்குக் கீழ உக்காரச் சொல்லுங்க. அந்த மூணாவது பெஞ்சு மட்டும் என்னோடது, சொல்லிட்டேன்," என்றார். ஒரு வீட்டில் வாசலிலேயே மறித்து, "அந்த அசிங்கத்தையெல்லாம் இங்க கொண்டு வராதீங்க," என்று கதவைச் சாத்தினார்கள். வாசற்படியில் உட்கார்ந்து அதையும் எழுதிக்கொண்டார். உள்ளே அவர்கள் வேறு என்னவோ பேசிச் சிரிப்பது கேட்டது. அதை எழுதவில்லை.

இன்னொரு வீட்டில் ஓர் அம்மாள் கேள்வியைக் கேட்டுவிட்டுக் காபியை ஆற்றிக்கொண்டே இருந்தாள். "மெதுவாச் சொல்லுங்க, அவசரமில்ல," என்றார் ஐஸ்காரர். "என் தம்பி கடைசியா வந்தப்ப பின்பெஞ்சுல உக்காந்தான்," என்றாள். "இருபத்திரண்டு வருஷமாச்சு. அப்புறம் வரவே இல்ல. பின்பெஞ்சு வேண்டாம்னு எழுதிக்கோங்க. வாசலுக்கு ரொம்பக் கிட்ட இருக்கு."

ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வந்ததும் மனைவி அடுப்பைப் பார்த்தபடியே கேட்பாள். "இன்னைக்கு என்ன சொன்னாங்க?"

"என்னென்னமோ சொன்னாங்க."

"நல்லதா?"

"சில பேரு."

"மத்தவங்க?"

அவள் கரண்டியைக் கீழே வைக்கிற சத்தமே பதிலுக்குப் பதிலாக இருக்கும்.

வெள்ளிக்கிழமை பதின்மூன்றாவது வீடு. மூப்பர் வீடு.

கூடத்துத் தரை முகம் பார்க்கிற மாதிரி துடைத்திருந்தது. ஐஸ்காரர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தையும் கால்மிதியில் துடைத்துக்கொண்டு நுழைந்தார். மூப்பர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். ஃபேக்டரியில் எந்த நாற்காலியில் சாய்வாரோ அதே சாய்வு.

"ஓ, நீதான் எழுதுறியா? கட்டிய உடைக்க மட்டும்தான் தெரியும்னு நெனச்சேன்." தையல்காரம்மாவைப் பார்த்து, "கேளும்மா," என்றார். அவள் கேட்டாள்.

"எழுது," என்றார் மூப்பர்.

"கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க சார். நான் எழுதுற..."

"தெரியும். ஊரே சொல்லிச்சு. ஒவ்வொரு வார்த்தையாவே சொல்றேன். 'அப்படி ஒருத்தர்' — எழுதினியா? — 'என் வீட்டில் இருக்கவே மாட்டார்.' முற்றுப்புள்ளி வை. 'கோயிலிலும் உள்ளே இடமில்லை. வாசலுக்கு வெளியே.' வா-ச-லு-க்கு. பாத்து எழுது. 'அவருக்கு இடம் கொடுக்கிற குடும்பத்துக்கும் அதுதான்.' எழுதிட்டியா? வாசி."

ஐஸ்காரர் வாசித்தார். மூப்பர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஒரு வார்த்தையையும் மாற்றச் சொல்லவில்லை. தன் பாட்டைத் தானே ரசிக்கிற மாதிரி, "இன்னொரு தடவை வாசி," என்றார். ஐஸ்காரர் இன்னொரு தடவையும் வாசித்தார்.

தையல்காரம்மா முன்னால் போய்விட்டாள். கேட்டுவரை வந்த மூப்பர், கேட் கதவில் கை வைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். கோபமே இல்லாத குரல்.

"உன் பொண்ணு கூட ஒரு கண்டக்டர் பொண்ணு வருது, போகுது. பஸ் இல்லாத நாளும் வருது. நான் பாத்துட்டுத்தான் இருக்கேன்."

ஐஸ்காரர் நோட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டார்.

"நான் யாருகிட்டயும் சொல்லல. உன் மேல இருக்கிற அக்கறை. நீங்களும் சொல்லாம இருந்தா இப்படியே போயிரும். ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் திங்கக்கிழமை வரும்ல? ஷிஃப்ட்டு போடற பேப்பர் என் மேஜையிலதான இருக்கு." தோளில் ஒரு தட்டுத் தட்டினார். "போய்ட்டு வா. அந்தக் கையெழுத்து மோசமில்லய்யா."

வீடு அங்கிருந்து எட்டாவது கதவு. அந்த எட்டுக் கதவைக் கடக்க அவருக்கு எவ்வளவு நேரமானதென்று தெரியாது. வீட்டில் மகள் மட்டும் இருந்தாள். மேஜைமேல் ஒடிந்த கண்ணாடிச் சட்டமொன்றை வைத்துக்கொண்டு, மயிரிழை மாதிரி இருந்த திருப்புளியால் திருகாணியை முறுக்கிக்கொண்டிருந்தாள். ஐஸ்காரர் நோட்டைப் பிரித்து அவள் முன்னால் வைத்தார்.

"இதப் படி."

அவள் ஒரு பார்வையில் படித்துவிட்டாள். அவருக்குக் கால்மணி நேரம் பிடித்ததை அவள் கண் ஒரு நொடியில் தாண்டிப் போனது.

"பேரு போடல. ஆனா முற்றுப்புள்ளிய பாத்தாலே யாருன்னு தெரியுது," என்றாள்.

"சிரிக்காத. அவருக்குத் தெரிஞ்சிருச்சு பாப்பா. வேலைக்கு உலை வெச்சிருவாரு. ஞாயித்துக்கிழமை வேண்டாம். அந்த பொண்ணு வரட்டும், போகட்டும், ஒண்ணா இருங்க. எழுந்து மட்டும் நிக்காத."

"அப்பா, உங்களுக்கு எது பயம்? வேலையா?"

அவர் யோசித்தார். பொய் சொல்ல முடியவில்லை.

"வேலையும்தான். ஆனா அது இல்ல. நீ எழுந்து சொல்லும்போது யாரும் திட்டக்கூட வேண்டாம். யாராவது ஒருத்தன் பின்னால இருமினான்னா போதும், நான் அங்கயே விழுந்துருவேன். ஒவ்வொரு வீட்டுலயும் முதல்ல என்ன வருதுன்னு நான் கேட்டுட்டு வரேன். நீ கேக்கல. அப்புறம் மாத்திச் சொல்றாங்க, சரி. ஆனா முதல்ல வருதே, அது எங்கயும் போகாது பாப்பா."

மகள் திருப்புளியைக் கீழே வைத்தாள். "அப்ப நீங்க ஞாயித்துக்கிழமை வராதீங்க அப்பா," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. காய்ச்சல்காரனிடம் வெயிலில் வராதே என்று சொல்கிற மாதிரி சொன்னாள். அது அவருக்கு மூப்பர் தட்டின தட்டைவிட வலித்தது.

சனிக்கிழமை சாயங்காலம். ஐஸ்காரர் நோட்டைப் போதகரம்மாவிடம் கொடுக்கக் கிளம்பிக்கொண்டிருந்தபோது வாசலில் தையல்காரம்மாவின் குரல் கேட்டது.

"அண்ணே, எங்க கிளம்பிட்டீங்க? பதினாலு வீடுல்ல? பதிமூணுதான ஆச்சு?"

"என் வீடுதானம்மா மிச்சம். அது எதுக்கு?"

"அது எதுக்கா? எல்லா வீடும்னா எல்லா வீடும்தான். உங்க வீட்டுல மட்டும் என்ன, கூரை இல்லியா?" தையல்காரம்மா உள்ளே வந்து உட்கார்ந்தேவிட்டாள். "அண்ணி, இங்க வாங்க. உங்களத்தான் கேக்கணும். அண்ணன் எழுதட்டும்."

மனைவி முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்தாள். ஐஸ்காரர் அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. தையல்காரம்மா ஒரு வாரம் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன கேள்வியை ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

"எங்க வீட்டுல அப்படியெல்லாம் யாரும் இல்ல," என்றாள் மனைவி படக்கென்று.

அந்த நேரம் பார்த்து மகள் உள்ளறையிலிருந்து வந்தாள். கையில் தையல்காரம்மாவின் கண்ணாடி. கேட்டிருப்பாள். கேட்காமல் இருக்க அந்த வீட்டில் அவ்வளவு சுவர் இல்லை. ஒன்றும் சொல்லாமல் கண்ணாடியைத் தையல்காரம்மா மூக்கில் மாட்டி, காதுப்பக்கம் லேசாக வளைத்துவிட்டு, நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினாள். "இறுக்குதா அத்தை?"

"இல்லம்மா. தெளிவா இருக்கு."

மகள் நகர்ந்து கதவோரம் நின்றாள்.

ஐஸ்காரர் நோட்டின் புதுப் பக்கத்தைத் திருப்பினார். பேனா மூடியைக் கழற்றுவதற்கே இரண்டு தடவை பிடிக்க வேண்டியிருந்தது. மனைவி சொன்ன ஒற்றை வரியை எழுதிவிட்டுப் போவதில் ஒன்றுமில்லை. மனப்பாடமாகவே எழுதிவிடலாம். ஆனால் ஒரு வாரமாக வாய் பழகிவிட்டது.

"மெதுவாச் சொல்லு. நான் எழுதுற வேகத்துக்கு."

மனைவி அவரை முறைத்தாள். "எங்க."

"எங்க."

"வீட்டுல."

அவர் எழுதினார். வெளியே யாரோ சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்கள்.

"வீட்டுல. எழுதிட்டேன்."

"அப்படி."

"ம்."

"யாரும்."

அவர் எழுதி முடித்துக் காத்திருந்தார். அவள் கை தானாகப் போய் மேஜை விரிப்பைத் தேடியது, ஒரு தடவை நீவியது, இன்னொரு தடவை நீவியது. கதவோரம் நிற்கிறவளைப் பார்க்கக் கூடாது என்று கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. கழுத்து கேட்கவில்லை. திரும்பிப் பார்த்துவிட்டாள்.

மகள் அழவில்லை. தன் பேர் வருகிற வரிசைக்குக் காத்திருக்கிறவள் மாதிரி வெறுமனே நின்றிருந்தாள்.

தையல்காரம்மாவின் பார்வை அம்மாவிடமிருந்து மகளுக்குப் போனது. அப்புறம் ஐஸ்காரருக்கு வந்தது. முடிந்தது, என்று ஐஸ்காரர் நினைத்தார். பேனா பிடித்த கையில் உணர்ச்சியே இல்லை.

"அண்ணி," என்றாள் தையல்காரம்மா. "அந்த வரிய அடிச்சுரலாமா?"

மனைவி விரிப்பிலிருந்து கையை எடுத்தாள். பிறகு, "அடிங்க," என்றாள்.

அவர் அடித்தார்.

"எழுதுங்க," என்றாள் மனைவி. இந்தத் தடவை அவளே நிறுத்தி நிறுத்திச் சொன்னாள், கொதிக்கிற இஸ்திரிப்பெட்டியை மடிப்பின்மேல் நகர்த்துகிற வேகத்தில். "எங்க வீட்டுல ஒருத்தி இருக்கா. எழுதிட்டீங்களா? அவ எங்க உக்காரணும்னு கேக்குறீங்க. அவ எங்கயும் உக்கார்றதில்ல. பதினாறு வருஷமா பாட்டுக்குழுவுல ரெண்டாவது வரிசையில நிக்குறா. அவ பாட்டக் கேட்டுட்டுத்தான் நீங்க எல்லாரும் உக்கார்றீங்க." மூச்சு வாங்கினாள். "எனக்குப் பயமா இருக்கு. அதையும் எழுதுங்க."

ஐஸ்காரர் அதையும் எழுதினார். வாசித்துக் காட்டினார். அவள் ஒன்றையும் மாற்றச் சொல்லவில்லை.

தையல்காரம்மா செருப்பை மாட்டிக்கொள்ளும்போது ஐஸ்காரர் வாசல்வரை போய் நின்றார். அவளே சொன்னாள்.

"என் வாய்க்குப் பயப்படுறீங்க. தெரியுது. அண்ணே, முப்பது வருஷமா குண்டூசிய உதட்டுல கவ்விக்கிட்டுத்தான் வேலை பாக்குறேன். ஊசி இருக்கிற வரைக்கும் என் வாயிலேருந்து ஒரு வார்த்தை வந்தது கிடையாது. நாளைக்குக் கோயிலுக்கும் நாலு ஊசியோட வரேன், போதுமா?"

சிரிக்கத்தான் சொன்னாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நெரிசல். கைப்பிடிச் சுவர்வரை ஆள் நின்றது. பதில் வாசிக்கிறார்கள் என்றதும் ஆராதனைக்கே வராதவர்கள்கூட வந்திருந்தார்கள். முதல் பெஞ்சில் மூப்பர் வெள்ளைச் சட்டை. பின்னால் தூண் ஓரமாகக் கண்டக்டர் பெண், யூனிபார்மோடு. டியூட்டிக்கு நடுவில் வந்திருப்பாள். பாட்டுக்குழு பாடி முடித்து, உட்காராமல் அப்படியே நின்றது.

மற்றவர்களின் தாள்களையெல்லாம் போதகரம்மாவே வாசித்தார். ஐஸ்காரரின் நோட்டைப் பிரித்ததும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "அண்ணே, இது உங்களாலதான் முடியும். வாங்க."

அவர் எழுந்தார். பக்கத்தில் மனைவி அவர் சட்டை நுனியைப் பிடித்திருந்தாள். ஒரு கணம் பிடித்திருந்துவிட்டு, அதிலிருந்த சுருக்கத்தை நீவிவிட்டு, விட்டாள். கைப்பிடி இல்லாத படியில் ஏறுகிறவர்போல் ஒவ்வோர் அடியாக வைத்து முன்னால் போனார். மூப்பர் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தார். பார்த்துவிட்டார். மூப்பர் லேசாகப் புன்னகை செய்தார். திங்கட்கிழமை என்று அந்தப் புன்னகையில் எழுதியிருந்தது.

நோட்டில் பதினாலு பக்கம். பதின்மூன்றாவது பக்கத்தில் மூப்பரின் 'வாசலுக்கு வெளியே'. பதினாலாவது பக்கத்தில் அவர் வீடு. ஒன்றைத் தாண்டாமல் இன்னொன்றுக்குப் போக முடியாது. எங்கேயோ பின்னால் ஒருத்தர் இருமினார். ஐஸ்காரர் விழவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். இரண்டாவது வரிசையில் மகள் நின்றுகொண்டிருந்தாள். எழுந்து நிற்கப்போகிறாளே என்று ஒரு வாரமாகச் செத்துக்கொண்டிருந்தாரே, அவள் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருக்கிறாள்.

"சத்தமா வாசிங்க," என்று யாரோ குரல் கொடுத்தார்கள். "சீக்கிரம்," என்றார் இன்னொருவர்.

"சத்தமா வாசிக்கிறேன்," என்றார் ஐஸ்காரர். "சீக்கிரமா வராது. எழுதுன வேகத்துக்குத்தான் வாசிப்பேன். எல்லாரும் கொஞ்சம் இருங்க."

மரத்துப்போன விரலை முதல் வார்த்தையின் அடியில் கொண்டுபோய் வைத்தார். அடித்த கோட்டுக்குக் கீழே அந்த 'அடிச்சு' இன்னும் தெரிந்தது.